இன்னும் ஒரே ஒரு வாய்

"சாப்பிடாததால அவரு போகலம்மா. போய்க்கிட்டு இருக்கிறதாலதான் சாப்பிட முடியல."

கடைசி நாள்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களிடம் டாக்டர்களும் தாதியரும் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம் இது. மருத்துவப்படி பெரும்பாலும் சரிதான். ஆனால் இதைக் கேட்டுவிட்டு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கும் மனைவியோ மகளோ அபூர்வம். "சரிங்க மிஸ்ஸி" என்று தலையாட்டுவார்கள். மிஸ்ஸி லிஃப்டில் இறங்கிய கையோடு அடுப்படியில் நெஸ்டம் கரையும். உண்மையான ஒரு பேச்சு காதில் விழுந்தும் உள்ளே இறங்காமல் நிற்கிறதே என்றால், நம்மிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது: "குடும்பம் இன்னும் மறுப்பில் இருக்கிறது." மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969இல் எழுதிய, சாவை எதிர்கொள்ளும் மனத்தின் ஐந்து நிலைகளில் முதலாவதை எடுத்து நெற்றியில் ஒட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது. சாகப்போகும் நோயாளிகளோடு சிக்காகோவில் உட்கார்ந்து பேசியதிலிருந்து பிறந்த நிலைகள் அவை. கட்டிலுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்பவருக்கு அந்தச் சட்டை பொருந்துவதாக எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். சவப்பெட்டிக்காரர் நம்பர் வரைக்கும் கைப்பேசியில் ஏற்றி வைத்திருப்பார். தெரிந்துகொண்டேதான் ஊட்டுகிறார்.

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். கெப்போங்காக இருந்தாலும், பினாங்கு ஜெலுத்தோங்காக இருந்தாலும் காட்சி பெரிதாக மாறாது. ஹாலில் சோபாவை ஓரங்கட்டிவிட்டு வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். மேசையில் என்ஷுர் சத்துமாவு டின், பாதி குடித்த 100 பிளஸ், பார்லித் தண்ணி, மூடி போட்ட கிண்ணத்தில் ஆறிப்போன கஞ்சி. "எனக்காக, இன்னும் ஒரே ஒரு வாய்." கட்டிலில் கிடக்கும் கணவர் வாயைத் திறக்கிறார், சண்டை வேண்டாமே என்று. வாங்கியதை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். அம்மா கதவு திறக்கப் போகும் நேரம் பார்த்து டிஷ்யூவில் துப்பி, தலையணைக்கு அடியில் சொருகுகிறார். இரண்டொரு நாளில் இன்னொரு வித்தையும் கைவந்துவிடுகிறது: கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டால், தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். நாளெல்லாம் மயங்கிக் கிடக்கும் மனிதர் தெளிவாக விழித்திருப்பதே சொற்ப நேரம். அதையும் மனைவியிடமிருந்து ஒளிந்துகொள்வதில் செலவழிக்கிறார். கலோரிக் கணக்கைவிட இந்த நஷ்டம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பசி எங்கே போகிறது

பட்டினி கிடப்பவரின் உடல் கொழுப்பை எரித்துத் தசையைக் காப்பாற்றப் பார்க்கும். சோறு கிடைத்தால் தேறிவிடும். முற்றிய புற்றுநோயில் நடப்பது வேறு. கட்டியும் அதை எதிர்க்கும் உடலும் சேர்ந்து சைட்டோகைன் என்ற அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையில் பசியைத் தூண்டும் இடத்தை அமுக்குகின்றன, தசையைக் கரைக்கின்றன. இரைப்பையும் மெதுவாகத்தான் காலியாகிறது. இரண்டு கரண்டியில் வயிறு விம்முகிறது. உள்ளே போகும் சத்தை வைத்துத் தசை கட்ட உடலுக்கு வழியில்லை. ஆகவே என்ஷுரை இரண்டு கரண்டியிலிருந்து ஆறு கரண்டியாகக் கூட்டினாலும் கன்னத்துக் குழி நிரம்பாது, வாந்திதான் கூடும். உணவு அறவே நின்றதும் உடல் தன் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்குகிறது. அவை மிச்சமிருக்கும் பசியையும் மழுங்கடிக்கும். வெளியே நிற்பவர் கற்பனை செய்துகொள்ளும் வயிற்றெரிச்சல் உள்ளே இருப்பவருக்கு இல்லை.

1994இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை நோயாளிகள் வாயாலேயே கேட்டது. சுயநினைவோடு பதில் சொல்லக்கூடிய 32 பேரைச் சாகும்வரை கவனித்தார்கள். அவர்களில் 63 விழுக்காட்டினருக்குப் பசி என்பதே வரவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் மட்டும் இருந்தது. பசியோ தாகமோ வாய் வறட்சியோ இருந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாய் உணவும், சில மிடறு தண்ணீரும், ஐஸ் துண்டும், உதட்டை ஈரமாக்குவதும் போதுமாக இருந்தன.

இதே மூச்சில் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். "போய்க்கிட்டு இருக்கிறதாலதான்" என்பதைச் சோம்பலாகவும் சொல்லலாம், அப்படியும் சொல்கிறார்கள். சாப்பாட்டை வேண்டாம் என்பவர் எல்லாரும் கடைசி வாரத்தில் இருப்பவர் அல்லர். முதலில் டார்ச் அடித்து வாயைப் பார்க்க வேண்டும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. நிஸ்டாட்டின் சொட்டு மருந்தில் சில நாளில் சரியாகும், சாப்பாடும் ஓரளவு திரும்பும். உடல் மெலிந்தால் ஈறும் சுருங்கும். பழைய பல்செட் ஆடி ஆடிப் புண்ணாக்கும். அடுத்து மலம். மார்ஃபின் எடுப்பவருக்கு மலமிளக்கியும் தினமும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். இங்கே ஒரு தப்பு வழக்கமாக நடக்கும்: கெட்டியாக அடைத்த மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணியாகக் கொஞ்சம் ஒழுகும், பேம்பர்ஸில் அதைப் பார்த்துவிட்டு வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள். அடைப்பு இறுகும், குமட்டல் வரும், சாப்பாடு நிற்கும். நான்கு நாளாகச் சரியாகப் போகாமல் திடீரென்று தண்ணியாகப் போனால் வீட்டில் முடிவெடுக்காமல் தாதியைக் கூப்பிடுவதுதான் சரி.

வலியும் பசியைத் தின்னும். வலி மாத்திரையை உணவுக்கு அரை மணி முன்னால் வரும்படி நேரத்தை மாற்றினாலே சிலர் நாலு வாய் அதிகம் சாப்பிடுவார்கள். வாய் கசக்கிறது, இரும்பு வாடை அடிக்கிறது என்பவருக்கு எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி. தாளிக்கும் வாசனை ஹால் வரைக்கும் வரும் வீட்டில் சூடான குழம்பைவிட ஆறிய தயிர்ச்சோறு. மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். உணவில் மட்டும் நாட்டம் போயிருக்கிறதா, பேரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் முகம் திரும்பவில்லையா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். டெக்ஸாமெத்தசோன் மாதிரியான ஸ்டெராய்டு பசியைச் சில வாரங்களுக்குத் தூண்டும். காலையில் கொடுக்க வேண்டும். மாலையில் கொடுத்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும், வீடே விழித்திருக்கும். சீனியும் ஏறும். இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தைச் சொல்ல நமக்கு உரிமை.

இருபது வருடப் பத்தியம்

நம் வீடுகளில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. அதாவது மூன்று கட்டிலுக்கு ஒரு கட்டிலில் படுத்திருப்பவர், இருபது வருடமாகச் சீனி இல்லாத கோப்பியும் அளந்து போட்ட சோறுமாகக் காவல் காக்கப்பட்டவர். காவல் காத்தவர் மனைவி. தீபாவளிப் பலகாரத் தட்டை அவர் கைக்கு எட்டாமல் வைத்தவர், கல்யாண வீட்டில் கேசரி வரும்போது முறைத்தவர். இப்போது டாக்டர் வந்து "அவர் என்ன கேட்கிறாரோ கொடுங்க, இனிமே கட்டுப்பாடு வேண்டாம்" என்கிறார். காது அதைச் சலுகையாகக் கேட்பதில்லை. "இனிமே ஒண்ணும் இல்லை" என்ற தீர்ப்பாகத்தான் கேட்கிறது. கேசரி கிண்டித் தரச் சொன்னால் கை வராது. இருபது வருடம் கொடுக்காமல் இருந்தேனே, எல்லாம் எதற்கு என்ற கேள்வி அந்தக் கடாய்க்குள் கிடக்கிறது. அதற்கு ஒரு பதில் உண்டு, யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: அந்த இருபது வருடம் கண்ணையும் காலையும் கிட்னியையும் காப்பாற்றிய வருடங்கள், அந்த வேலை முடிந்தது, வீணாகவில்லை.

மருந்துக் கணக்கும் இங்கே மாறும். சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும் பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிக்லசைட் மாத்திரையோ போனால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கும்: வேர்வை, நடுக்கம், உளறல். இதைக் கடைசி நேர மயக்கம் என்று குடும்பம் எடுத்துக்கொண்ட வீடுகள் உண்டு. இந்தக் கட்டத்துக்கான பிரிட்டன் வழிகாட்டுதல், ரத்தச் சீனி லிட்டருக்கு 6 மில்லிமோலுக்கும் 15 மில்லிமோலுக்கும் நடுவில் இருந்தால் போதும் என்கிறது. குறைக்கச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். இளவயதிலேயே வந்த முதல் வகை நீரிழிவு என்றால் மட்டும் இன்சுலினை நீங்களாக முழுக்க நிறுத்தக் கூடாது.

டிரிப்ஸும் மூக்கு வழி டியூப்பும் பற்றிச் சுருக்கமாக. "தண்ணி ஏத்துனா கொஞ்சம் தெம்பு வருமே" என்று கேட்காத குடும்பம் இல்லை. 2013இல் அமெரிக்காவில் 129 புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் 1 லிட்டர் உப்பு நீரும் மறு பாதிக்குப் பெயருக்கு 100 மில்லிலிட்டரும் ஏற்றிப் பார்த்தார்கள். வறட்சி அறிகுறிகளிலோ, உயிரோடு இருந்த நாள்களிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் புரதம் குறைந்த உடலில் ஏற்றிய நீர் ரத்தக் குழாயில் தங்காமல் காலிலும் முதுகிலும் வீக்கமாக இறங்கும். தொண்டையில் களகளவென்ற சத்தம் கூடும். முற்றிய மறதி நோயில் டியூப் போடுவதைவிடக் கையால் பொறுமையாக ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் சொன்னது. பக்கவாதத்திலிருந்து தேறி வருபவருக்கும் தொண்டை அடைத்தவருக்கும் கணக்கு வேறு.

கைக்கு ஒரு வேலை

இனி விஷயத்துக்கு. ஊட்டுவதால் அந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தால்தான் அந்த வாக்கியம் ஏன் தோற்கிறது என்று புரிகிறது. ஒன்று, நாளுக்கு ஒரு ஒழுங்கு: எட்டுக்கு நெஸ்டம், பதினொன்றுக்குப் பார்லி, ஒன்றுக்குக் கஞ்சி, நாலுக்கு மிலோ. அது இல்லாவிட்டால் நாள் என்பது மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இரண்டாவது, ஓர் அளவு. "இன்னைக்கு நாலு கரண்டி இறங்குச்சு" என்று மகனிடம் போனில் சொல்ல ஓர் எண். கையை மீறிப்போன நோயில் தன் கைக்கு அடங்கிய ஒரே எண். மூன்றாவது, சாட்சி. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கண்ணில், பக்கத்தில் கிண்ணத்தோடு இருப்பவள்தான் நன்றாகப் பார்த்துக்கொள்பவள். நான்காவதை யாரும் சொல்லமாட்டார்கள். நாற்பது வருடம் வாழ்ந்த பல தம்பதிகள் பிள்ளைகள் முன்னால் ஒருவரையொருவர் தொட்டதில்லை. தாடையைப் பிடித்து, வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட, கரண்டி ஒரு சாக்கு. "இனி ஊட்ட வேண்டாம்" என்பது இந்த நான்கையும் ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு விளக்கத்தைக் கொடுக்கிறது. விளக்கத்தை வைத்துக்கொண்டு கை என்ன செய்யும்?

ஆகவே கரண்டிக்குப் பதிலாக வைக்கும் பொருளுக்கும் இந்த நான்கும் இருக்க வேண்டும். வாய்ப் பராமரிப்பில் நான்கும் இருக்கின்றன. வழக்கமாக இதைத் தாதி போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார். அப்படியில்லாமல் உட்கார்ந்து செய்து காட்டி, அந்த அம்மாவின் கையால் ஒருமுறை செய்ய வைத்துவிட்டால், வீட்டில் கரண்டிச் சண்டை ஓய்வதை அநேகமாக அன்றைக்கே பார்க்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு, 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியாவின் தாதியர் வீட்டுக்கே இலவசமாக வருவார்கள். இதைக் காட்டித் தரச் சொல்லித் தயங்காமல் கேட்கலாம்.

செய்முறை இதுதான். ஒரு தட்டில் குழந்தைகளுக்கான மெத்தென்ற பல்துலக்கி, ஃபார்மசியில் கிடைக்கும் ஸ்பாஞ்சுக் குச்சிகள், சின்னக் கிண்ணம், துண்டு, வாசலின். கிண்ணத்தில் காய்ச்சி ஆறிய தண்ணீர். நாக்கில் மாவு படிந்திருந்தால் ஒரு குவளைத் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா. பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை, வாயால் மூச்சு விடுபவருக்கு மணிக்கு ஒருமுறை. தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நினைவு மங்கியிருந்தால் முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்துவிடுங்கள், ஈரம் தொண்டைக்குள் போகாமல் கன்னத்தில் தங்கும். ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். பிழிய மறப்பதுதான் முதல் தப்பு. சொட்டும் ஸ்பாஞ்சும் ஊட்டும் கரண்டியும் தொண்டைக்கு ஒன்றுதான். முதலில் உதடு, பிறகு ஈறின் வெளிப்புறம், கன்னத்தின் உட்புறம், கடைசியில் நாக்கின் முன்பாதி. பின்னால் போனால் குமட்டும். ஸ்பாஞ்சுத் தலை கழன்று தொண்டையில் சிக்கிய சம்பவங்கள் உண்டு. வாய்க்குள் விடுமுன் இழுத்துப் பாருங்கள், தண்ணீரில் ஊறப்போட்டு வைக்காதீர்கள், கடித்துக்கொள்பவருக்கு அதை விட்டுவிட்டுப் பல்துலக்கியையே வையுங்கள். பஞ்சு வேண்டாம், இழை பிரிந்து நாக்கில் ஒட்டும். எலுமிச்சை-கிளிசரின் குச்சியும் சாராயம் கலந்த மவுத்வாஷும் வறட்சியைக் கூட்டும். முடிவில் உதட்டுக்கு வாசலின். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் வாசலின் கூடாது, தீப்பிடிக்கும் அபாயம். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் அழகான பகுதி, கிண்ணத்தில் இருப்பது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோப்பி ஓ என்னும் பால் சேர்க்காத கோப்பி, இளநீர், வடிகட்டிய ரசம், அவர் குடித்துப் பழகியவர் என்றால் ஸ்டவுட் பீர்கூட. நாக்கு நனையும் அளவுதான், விழுங்க ஒன்றும் இல்லை. ருசி பசியைவிட நீண்ட நாள் நிற்கும். இளநீரை ஐஸ் தட்டில் உறையவைத்து, விழுங்க முடிகிறவரைக்கும் நுணுக்கி ஒரு துணுக்கு கொடுக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரமும் என்ன ருசி என்பதும் அவர் என்ன செய்தார் என்பதும் எழுதி வைக்கட்டும். "4 மணி, கோப்பி ஓ, உதட்டை நக்கினார்." போனில் மகனிடம் சொல்ல இப்போதும் ஏதோ இருக்கிறது. வாயை இறுக்கி மூடினால் வேண்டாம் என்று பொருள், அத்தோடு விட்டுவிட வேண்டும். அந்த மறுப்பு மதிக்கப்படும் என்று தெரிந்த பிறகு, சத்தம் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்ள அவருக்குக் காரணம் இல்லை.

விழுங்கும் திறன் இன்னும் கொஞ்சம் இருக்கும் நாள்களில் ஊட்டலாம், தடையே இல்லை. நன்றாக விழித்திருக்கும்போது, நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழே இறங்கியிருக்க, அரைத் தேக்கரண்டியாக. முந்தையது இறங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்தது. கஞ்சியைவிட வெறும் தண்ணீர்தான் ஆபத்து, வேகமாக வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் போகும். விழுங்கியதும் இருமல், பேச்சில் ஈரக் கரகரப்பு, கன்னத்தில் தேக்கம் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். முடிந்த பின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது.

கடைசிப் பால்

மூச்சு இடைவெளி விட்டு விட்டு வரத் தொடங்கியதும் யாராவது பெரியம்மா "பால் ஊத்துங்கப்பா" என்பார். வீட்டில் பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து பேரும் வரிசையாக ஆளுக்கொரு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். ஆக 75 மில்லிலிட்டர் பால், விழுங்கும் அனிச்சைச் செயல் அடங்கிப்போன ஒரு தொண்டையில். அமைதியாகப் போயிருக்க வேண்டிய கடைசி மணி நேரம் புரையேற்றமும் களகளப்புமாக முடிகிறது. அதைவிடக் கொடுமை, வரிசையில் யாரோ ஒருவரின் கரண்டிதான் கடைசியாக அமையும். பெரும்பாலும் கல்லூரியிலிருந்து ஓடிவந்த கடைக்குட்டி. "நான் ஊத்தினதும்தான் தாத்தா மூச்சு நின்னுச்சு." பத்து வருடம் கழித்தும் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சடங்கை நிறுத்தச் சொல்வது என் நோக்கமல்ல, நிறுத்தவும் முடியாது. எல்லாருடைய பாலையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றுங்கள். ஆளுக்கொரு கரண்டிக்குப் பதிலாக, ஒவ்வொருவரும் விரல் நுனியை நனைத்துக் கீழுதட்டின் உட்புறம் தொட்டு வைக்கட்டும். இன்னும் நல்லது, இரண்டு மூன்று நாள் முன்னாலேயே, அவர் விழித்திருந்து முகம் பார்க்கும் நேரத்தில் செய்துவிடுவது. கேட்டால் பெரியவர்கள் பலர் ஒத்துக்கொள்வார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் சம்சம் தண்ணீருக்கும் இதே வழி. கிறித்துவர்கள் நற்கருணை வாங்கும்போது சின்னஞ்சிறு துணுக்கு போதும் என்று திருச்சபையே அனுமதிக்கிறது. எந்தச் சடங்கும் அளவு கேட்கவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்த, குரல் எடுபடும் ஒரு மாமாவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் மனைவியோ மகளோ வாய் திறந்தால் எடுபடாது. எப்படியும் வாய்க்கரிசி போடும்போது ஒவ்வொரு கைக்கும் இன்னொரு முறை கிடைக்கும், அப்போது புரையேறாது.

வெளியூரிலிருந்து வருபவர் ஒருவர் இருப்பார், அவரைச் சொல்லாமல் விட முடியாது. ஆறு மாதம் வராதவர், சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து இறங்கிய அரை மணியில் "என்ன இப்படி எலும்பும் தோலுமா வெச்சிருக்கீங்க, டியூப் போடச் சொல்லுங்க" என்பார். மருத்துவ உலகில் இதற்குப் பெயரே உண்டு: 'கலிஃபோர்னியா மகள்' நோய்க்குறி, 1991இல் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பு. கலிஃபோர்னியாவில் இதே ஆளை நியூயார்க் மகள் என்பார்களாம். இவரிடம் வாதாடிப் பயனில்லை. கோபத்துக்கு அடியில் இருப்பது, தான் இல்லாமல்போன ஆறு மாதம். ஸ்பாஞ்சுக் குச்சியை அவர் கையில் கொடுத்து அடுத்த இரண்டு மணி முறையை அவரிடம் விடுங்கள்.

பதினாறுக்குப் பிறகு

உடல் வீட்டில் இருக்கும்வரை அடுப்பு பற்றவைப்பதில்லை. சொந்தக்காரர்கள் கடைச் சாப்பாட்டைத் தப்பாவ் பண்ணிக் கொண்டுவருவார்கள், வீட்டுக்காரி மட்டும் சாப்பிடமாட்டார். அவருக்கும் இனிப்பு நீர் இருந்து, யாரோ அக்கறையாக மாத்திரையை மட்டும் ஞாபகப்படுத்திக் கொடுத்திருந்தால், சவ ஊர்வலம் கிளம்பும்போது மயங்கி விழுவது துக்கத்தால் மட்டுமாக இருக்காது. யாராவது ஒருவர் குளுக்கோமீட்டரைக் கையோடு வைத்திருக்க வேண்டும். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், கால் மணி கழித்து மறுபடி ஒரு சோதனை.

குற்ற உணர்வு பொதுவாகக் கருமக்கிரியை முடிந்து வீடு காலியான பிறகுதான் வாய் திறக்கும். "பட்டினி போட்டுக் கொன்னுட்டேனே." இதற்கு எல்லாரும் சொல்வது "சீ, அப்படியெல்லாம் நினைக்காதே." அந்த வார்த்தை பேச்சை மூடும், நினைப்பை மூடாது. கடைசி இரண்டு வாரத்தை நாள் வரிசைப்படி சொல்லச் சொல்லிக் கேட்பது பலனளிக்கும். என்றைக்கு முழுத் தோசையிலிருந்து அரைத் தோசையானது, என்றைக்குக் கன்னத்தில் ஒதுக்கினார், என்றைக்குத் தண்ணீர் புரையேறியது, என்றைக்கு ஊட்டுவதை நிறுத்தினோம். மனம் இந்த வரிசையைக் கலைத்துப்போட்டு, நிறுத்தியதை முன்னாலும் மெலிந்ததைப் பின்னாலும் வைத்துக்கொள்கிறது. பின்னால் தெரிந்த முடிவை வைத்து முன்னால் எடுத்ததைத் தீர்ப்பிடுவது துக்கத்தின் வழக்கம். நோட்டுப் புத்தகத்தைக் குப்பையில் போடாமல் எடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அதில் தேதி இருக்கும். தொடக்கத்தில் சொன்ன வாக்கியத்தை இந்தக் கட்டத்தில் நாம் சொல்லவே வேண்டியதில்லை, வரிசையைச் சொல்லி முடிக்கும்போது அவரே அதைச் சொல்லிவிடுவார். தீபாவளிக்கு முந்தைய நாள் படையலில் அவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைக்கும் கை, தான் ஊட்டாமல் விட்டதையும் சேர்த்துத்தான் வைக்கிறது. மகள்கள் அப்போது "எவ்வளவு சமைக்கிறீங்கம்மா" என்று தடுக்காமல் இருக்கலாம். மாதக்கணக்கில் அன்றாடம் அதே குற்ற உணர்வு, சமையலறைக்குள் நுழைய முடியாமை, அவர் நினைவைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாமை என்று நீண்டால் உதவி தேட வேண்டும். நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர் சொல்ல உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஆறு மாதத்தை எல்லையாக வைக்கிறது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தது. உதவிக்கு அந்தத் தேதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக, கஷ்டமான வகை ஒன்று உண்டு. வற்புறுத்தி ஊட்டியதில் உண்மையிலேயே புரையேறி, நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டு, அதிலேயே போனவரின் வீடு. அங்கே "உங்களால ஒண்ணும் இல்லை" என்பது பொய், அந்த அம்மாவுக்கும் அது பொய் என்று தெரியும். நடந்ததை மறுக்காமல், நடந்த அளவிலேயே வைத்துச் சொல்ல வேண்டும்: ஆமாம், அன்றைக்குக் கஞ்சி தவறான வழியில் போனது, விழுங்கும் தசைகள் அதற்கு முன்பே தளர்ந்திருந்தன, யாரும் உங்களுக்குக் காட்டித் தரவில்லை, ஊட்டாமல் இருந்திருந்தாலும் சொந்த எச்சிலே அந்த வழியில் போய்க்கொண்டிருந்திருக்கும், அவருக்கு மிச்சமிருந்தது மாதக் கணக்கு இல்லை, நாள் கணக்குதான். இதைச் சொல்ல வேண்டியவர் இறந்தவரைப் பார்த்த டாக்டர். அண்ணன் தம்பி சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். டாக்டரிடம் நேரம் வாங்கி, அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, அவர் கேட்க நினைப்பதை அவரே கேட்கும்வரை கூட இருக்க ஓர் ஆள் வேண்டும்.